எண்ணெய்க் கையோடு நரம்பு டெஸ்டுக்கு

டொராண்டோவில் ஆறு மாதமாக வலது கை மரத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான்; சுண்டுவிரலுக்கு ஒரு குறையும் இல்லை. நள்ளிரவில் எழுந்து கையை உதறினால்தான் மறுபடி தூக்கம் வரும். நரம்புப் பரிசோதனைக்கு அங்கே கிடைத்த தேதி நான்கு மாதம் தள்ளி. அதற்குள் திருச்சிப் பயணம் வந்துவிட்டது.

தில்லை நகரில் திங்கட்கிழமை மருத்துவரைப் பார்த்தேன். புதன் காலையிலேயே டெஸ்ட். புறப்படும் நேரத்தில் அம்மா விடாப்பிடியாகக் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். டெக்னீஷியன் பெண் கையைத் தொட்டதுமே, "எண்ணெய் இருந்தால் துடிப்பை அளக்கும் பட்டை கையில் ஒட்டாது அக்கா, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்" என்றார். கழுவி வந்த கை ஏசியில் சில்லிட்டுப்போனது. கை குளிர்ந்தால் நல்ல நரம்பும் மந்தமாகத் தெரியுமாம். வெந்நீர்ப் பையைக் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்தார். பேஸ்மேக்கர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டுக்கொண்டார்.

முதலில் கரண்ட். மணிக்கட்டில் ஒரு சொடுக்கு; கட்டைவிரல் என்னைக் கேட்காமலே துள்ளியது. முழங்கையில் இன்னொன்று. நடுவிலுள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தார். இரண்டு இடத்திலிருந்தும் துடிப்பு வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

பிறகு மருத்துவரே வந்து தசையில் ஊசி குத்தினார். அதில் கரண்ட் கிடையாது, தசையின் மின்துடிப்பை ஒட்டுக்கேட்கும் ஊசி. கட்டைவிரல் மேட்டில் இறங்கியபோது வலித்தது, மறைக்க மாட்டேன். விரலை அழுத்தினால் ஸ்பீக்கரில் பொரி பொரிவதுபோல் சத்தம், தளர்த்தினால் அமைதி. நரம்பு அறுந்துபோன தசை சும்மா கிடக்கும்போதே தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் போடுமாம். என் தசை வாயைத் திறக்கவில்லை, நல்லவேளை.

இரண்டு கைகளுக்கும் 3,500 ரூபாய். மாலையில் வந்த ரிப்போர்ட்டில்தான் எரிச்சல்: ஒரே தாள், ஒரே வரி, 'மிதமான கார்பல் டனல்', அதாவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. அலைப்படம் எங்கே, எண்கள் எங்கே என்றால், கவுன்டரில் இருந்தவர் "முடிவுதான் போட்டிருக்கிறதே" என்கிறார். மறுநாள் போய் நின்று, நான்கு பக்கம் வாங்காமல் நகரவில்லை.

டொராண்டோ மருத்துவர் அந்த ஒற்றை வரியைப் படிக்கக்கூட இல்லை. நேரே எண்களுக்குப் போனார்: மணிக்கட்டைக் கடக்க, மரத்துப்போகும் விரல்களுக்குப் போகிற நடு நரம்புக்கு 5.8 மில்லி நொடி, சுண்டுவிரல் பக்க நரம்புக்கு 2.7; மந்தம் எதில் என்று அதிலேயே தெரிந்தது. இரவில் கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டை எழுதிக்கொடுத்து, நான்கு மாதம் தள்ளிக் கிடைத்திருந்த தேதியை ரத்து செய்துவிட்டார்.