ராத்திரி 11 மணித் திருத்தம் எங்கே போகிறது? டாட்ஃபைல் பராமரிப்பில் ஐந்து வழிகள்

டாட்ஃபைல் என்பது செயலிகளின் அமைப்புகளை வைத்திருக்கும், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்பு. அவற்றைப் பராமரிக்கும் கருவி எதை எடுத்தாலும், புதுக் கணினியைப் பத்து நிமிடத்தில் பழையது மாதிரி ஆக்கித் தருவேன் என்றுதான் ஆரம்பிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. புதுக் கணினி நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. அன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும். தொல்லை தருவது நடுவில் கிடக்கும் வருடங்கள். ராத்திரி 11 மணிக்கு ஏதோ ஒன்று மக்கர் பண்ணுகிறது, டெர்மினலைத் திறந்து ஒரு வரியை மாற்றுகிறோம், சரியாகிவிடுகிறது, படுக்கப் போய்விடுகிறோம். அந்த வரி எங்கே போய்ச் சேர்ந்தது? கருவிகளை நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். மேசைக் கணினியில் டெபியன், மடிக்கணினியில் ஆர்ச் என்று இரண்டு லினக்ஸ் வகைகளை வைத்துக்கொண்டு மாரடிப்பவனின் கணக்கு இது.

முதலில் நான் போன வழி வெறும் ஜிட், அதாவது கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி. பேர் ரெப்போ (வரலாறு மட்டும் இருக்கும் ஜிட் களஞ்சியம்) ஒன்றை ஹோமுக்குள் (நம் சொந்தக் கோப்புறை) ஓரமாக மறைத்து வைத்து, ஹோம் முழுவதையுமே அதன் வேலைத்தளம் என்று சொல்லிவிடுவது. ஒரு ஏலியஸ் (நீளமான கட்டளைக்குக் குறும்பெயர்) போதும், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். 11 மணித் திருத்தம் காலையில் ஸ்டேட்டஸ் போட்டால் கண்ணில் படும். ஆனால் ஹோமில் கிடக்கும் ஆயிரம் சில்லறைக் கோப்புகளும் பட்டியலில் ஓடக்கூடாதே என்று, ஜிட்டிடம் சேர்க்காத கோப்புகளைக் காட்டாதே என்று சொல்லிவைத்திருப்போம். அதனால் பழைய கோப்பில் செய்த மாற்றம் தெரியும். புதிதாக உருவாக்கிய கோப்பு தெரியவே தெரியாது. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை முன்னுக்கு வைத்து நான் எழுதிய ஃபான்ட்கான்ஃபிக் கோப்பு இப்படித்தான் போனது. ஒன்றரை வருடம் ரெப்போவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வன்தட்டு செத்த அன்றுதான் தெரிந்தது, அதை நான் சேர்க்கவே இல்லை என்று.

இன்னொரு சங்கடம், கோப்பு அனுமதிகளில் இயக்கலாமா கூடாதா என்பதை மட்டும்தான் ஜிட் நினைவில் வைத்திருக்கும். எஸ்எஸ்ஹெச்சின் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) அமைப்புக் கோப்பைப் புது இடத்தில் இறக்கியதும், அனுமதி சரியில்லை என்று எஸ்எஸ்ஹெச் முரண்டு பிடிக்கலாம்.

அடுத்தது குனு ஸ்டோவ். 90களில் பாப் கிளிக்ஸ்டீன் பெர்லில் எழுதியது. சொந்தமாகக் கம்பைல் செய்த மென்பொருள்களைத் தனித்தனிக் கோப்புறையில் வைத்து, சிம்லிங்க் (வேறிடத்தில் இருக்கும் கோப்பைச் சுட்டும் இணைப்பு) வழியாக ஒரே இடத்தில் இருப்பதுபோலக் காட்டுவதற்காகப் பிறந்தது. டாட்ஃபைல் ஆட்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ரெப்போவில் விம் எடிட்டருக்கு ஒரு கோப்புறை, பாஷ் ஷெல்லுக்கு ஒரு கோப்புறை. எது வேண்டுமோ அதை மட்டும் ஹோமுக்குள் கட்டிவிடலாம். இதில் 11 மணித் திருத்தம் நேராக ரெப்போவுக்குள்ளேயே விழுகிறது. ஹோமில் நீங்கள் திறப்பது வெறும் சிம்லிங்க், அசல் கோப்பு ரெப்போவில்தான் இருக்கிறது. மறந்துபோனாலும் ஜிட் மறக்காது.

ஸ்டோவிடம் ஒரு புத்திசாலித்தனம் உண்டு, அதுவே வம்பு. இலக்கில் அந்தக் கோப்புறை ஏற்கெனவே இல்லையென்றால், உள்ளே இருக்கும் கோப்புகளுக்குத் தனித்தனியாக இணைப்புப் போடாமல் கோப்புறைக்கே ஒரே இணைப்பைப் போட்டுவிடும். அப்புறம் அந்தச் செயலி தன் கோப்புறைக்குள் எழுதுவதெல்லாம், தற்காலிகக் குப்பை, வரலாறு, சமயத்தில் லாகின் டோக்கன்கூட, உங்கள் ரெப்போவுக்குள் வந்து உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்து கமிட் போட்டு (ஜிட் வரலாற்றில் பதிந்து), பொது ரெப்போவுக்குத் தள்ளினால் கதை முடிந்தது. கோப்புறையை மடிக்காதே என்று சொல்ல ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டாலோ, புதுக் கோப்புகள் ரெப்போவுக்குள் வராது. மறுபடி என் ஃபான்ட்கான்ஃபிக் கதைதான். நான் நியோவிமுக்கு மட்டும் மடிக்க விட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

சில செயலிகள் சேமிக்கும்போது புதுக் கோப்பை எழுதிப் பழையதன் மேல் நகர்த்தும். சிம்லிங்க் இருந்த இடத்தில் சாதாரணக் கோப்பு முளைத்துவிடும். அடுத்த முறை ஸ்டோவ் மோதல் என்று நிற்கும்போது, அடாப்ட் தெரிவைக் கொடுத்தால் ஹோமில் இருக்கும் கோப்பை ரெப்போவுக்குள் இழுத்துப் பழையதன் மேல் வைத்துவிடும். முரட்டுத்தனமாகத் தோன்றும். கமிட் செய்யாத மாற்றம் எதுவும் இல்லையென்றால் பயமில்லை. டிஃப் போட்டு, என்ன மாறியது என்று பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடலாம்.

ஷேம்வா வேறு ஜாதி. டாம் பெய்ன் கோ மொழியில் எழுதிய கருவி; பெயருக்குப் பிரெஞ்சில் ‘என் வீட்டில்’ என்று பொருள். இது சிம்லிங்க் போடாமல் அசல் கோப்புகளையே ஹோமில் எழுதுகிறது. மூலக் கோப்பை டெம்ப்ளேட்டாக வைத்து, இந்தக் கணினி என்றால் இந்த வரி, அந்தக் கணினி என்றால் அந்த வரி என்று எழுதலாம். கடவுச்சொற்களை பிட்வார்டனிலிருந்தோ கீபாஸ்எக்ஸ்சியிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். ஏஜ் என்ற குறியாக்கக் கருவி கொண்டு கோப்பையே பூட்டியும் வைக்கலாம். கோப்பு அனுமதியையும் பெயரின் முன்னொட்டிலேயே எழுதிவிடுவதால் எஸ்எஸ்ஹெச் தகராறு இங்கே கிடையாது.

ஆனால் 11 மணிக்கு ஹோமில் கை வைத்தால், அது மூலத்துக்குப் போகாது. அடுத்த முறை, மூலத்தை ஹோமில் எழுதும் அப்ளை கட்டளையைக் கொடுக்கும்போது, கடைசியாக நான் எழுதிய பிறகு இது மாறியிருக்கிறதே, மேலெழுதவா என்று ஷேம்வா கேட்கும். நல்ல பழக்கம்தான். அவசரத்தில் ஆம் என்று அழுத்துவது நம் பழக்கம். திருத்தத்தை மூலத்துக்குத் திருப்பி ஏற்ற ஒரு கட்டளை உண்டு. டெம்ப்ளேட்டுகளை அது தொடாது. நாம் அடிக்கடி மாற்றும் கோப்புகள்தான் பெரும்பாலும் டெம்ப்ளேட்டாக இருக்கும் என்பதுதான் எரிச்சல். அவற்றை மெர்ஜ் செய்து கையால் சேர்க்க வேண்டும்.

டெம்ப்ளேட் இல்லாமல் இரண்டு கணினி சமாளிக்க முடியாதா? முடியும். ஜிட் தன் அமைப்பில் வேறொரு கோப்பை இன்க்ளூட் செய்ய விடும். எஸ்எஸ்ஹெச்சும் 2016 முதல் விடுகிறது. பாஷில் சோர்ஸ் இருக்கவே இருக்கிறது. சாளர மேலாளர் ஸ்வே, டெர்மினல் கிட்டி எல்லாமே அப்படித்தான். பொதுவானதை ரெப்போவில் வைத்து, கடைசி வரியில் ‘லோக்கல்’ என்ற கோப்பைச் சேர்த்துவிட்டால், கணினிக்குக் கணினி மாறும் ஐந்தாறு வரிகள் அங்கே போய்விடும். என் கணக்கில் இரண்டு கணினிக்கு இதுவே போதும். மூன்று நான்கு ஆகி, அதில் ஒன்று அலுவலக மேக் என்றால் ஷேம்வா பக்கம் போகலாம்.

பல சர்வர்களை ஒருசேர அமைக்கும் ஆன்சிபிளைச் சொந்தக் கணினிக்கு வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலையிடத்தில் தினம் அதில் புழங்குகிறவருக்குச் சரி. மற்றவர்களுக்கு, ஒரு ஏலியஸ் சேர்க்க அதன் யாம்ல் கோப்பை எழுதுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். 11 மணித் திருத்தத்தை அடுத்த ஓட்டத்தில் கேட்காமலே அழித்துவிடும். பேக்கப் எடுக்கச் சொல்லி நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸும், ஹோம் கோப்புகளை அதே முறையில் கட்டும் ஹோம் மேனேஜரும் அந்தத் திருத்தத்தையே தடை செய்கின்றன. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் கரு இது: மென்பொருளை ஒருமுறை கட்டி வைத்தபின் மாற்றாதே, புதிதாகக் கட்டு. ஹோமில் இருக்கும் கோப்பு, கட்டியதெல்லாம் சேரும் நிக்ஸ் ஸ்டோருக்குப் போகும் சிம்லிங்க். அங்கே எழுத முடியாது. மாற்ற வேண்டுமென்றால் நிக்ஸ் மொழியில் மாற்றி, மறுபடி கட்டி, ஸ்விட்ச் செய்ய வேண்டும். தப்பாகப் போனால் பூட் மெனுவில் முந்தைய ஜெனரேஷனைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய சிஸ்டம் அப்படியே எழுந்து வரும். இந்த ஒரு வசதிக்காகவே ஆட்கள் அங்கே போய்த் திரும்பாமல் இருப்பது எனக்குப் புரிகிறது.

நான் திரும்பிவிட்டேன். செட்டிங்ஸ் திரையில் ஒரு பொத்தானைத் தட்டினால் சேமிக்க முடியாமல் விழிக்கும் எடிட்டர், வலையிலிருந்து இறக்கிய பைனரி அப்படியே ஓடாத கோபம், அடைத்துக்கொண்டே போகும் எஸ்எஸ்டி. ஸ்டோரில் இருப்பதை அந்தக் கணினியில் யாரும் படிக்கலாம் என்பதால், ரகசியங்களுக்கு இன்னொரு கருவி தேட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது வெளியீடு. பழையதற்கு ஆதரவு சீக்கிரமே நின்றுவிடும். ஒரு வருடம் தொடாமல் வைத்திருந்துவிட்டுத் திறந்தால், பெயர் மாறிய தெரிவுகள் வரிசையில் நிற்கும். கணினியைப் பராமரிப்பதே பொழுதுபோக்கு என்பவருக்கு இது குறையே அல்ல.

ஆன்சிபிளையும் நிக்ஸையும் விட்டால், மற்றவை ஹோமைத் தாண்டாது. கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறைக்கு ஈடிசிகீப்பர் போட்டுக்கொள்ளுங்கள். டெபியனில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் ஓடும்போதெல்லாம் தானே கமிட் செய்யும். குனோம் டெஸ்க்டாப் தன் அமைப்புகளை டிகான்ஃப் என்ற பைனரி கோப்பில் வைக்கிறது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் அங்கேதான் பதிகிறது. அதை டம்ப் செய்து உரைக் கோப்பாக ரெப்போவில் போட்டால்தான் டிஃப்பில் எதையாவது படிக்க முடியும். கையால் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலையும் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

பத்திரமாக வைத்ததும் கெட்டுப்போகும் என்பது தனிக் கதை. 2023இல் டெபியன் 12 வந்தபோது, வன்பொருளுக்கான, கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களைத் தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கிருந்து மென்பொருளை இறக்குவது என்று சொல்லும் பழைய சோர்சஸ் பட்டியலைப் பொக்கிஷமாகக் காத்து, வெளியீட்டின் பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வரவில்லை. அப்படி ஒரு பட்டியல் என்னிடமும் இருந்தது; அதில் நான் எதை எதற்குச் சேர்த்தேன் என்று எழுதி வைத்த கமிட் செய்தி மட்டும் இல்லை.

இப்போது ஸ்டோவும் லோக்கல் கோப்புகளும்தான். போன வாரம் டச்பேடுக்காக ஸ்வேயில் ஒரு வரியை மாற்றினேன், ராத்திரி 11 தாண்டி. காலையில் டிஃப்பில் அது நின்றுகொண்டிருந்தது. ‘ஏன் என்று தெரியவில்லை, வேலை செய்கிறது’ என்று எழுதி கமிட் செய்தேன்.