ஸ்கேனர் வாங்கி நான்கு வருடம்: டீசல் லாரியில் சென்சார் பழுது பார்த்த அனுபவம்

வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் ஆஹா ஓஹோ என்று எழுதியிருப்பேன். நான்கு வருடம் கழித்து எழுதுவதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது. ஸ்கேனர், அதாவது எஞ்சினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரோடு இணைத்து எரர் கோடு பார்க்கும் பெட்டி, நல்ல கருவிதான், ஆனால் அது எந்த சென்சாரின் பெயரைச் சொன்னாலும் அதையே கழற்றிப் புதிது போட்டுக்கொண்டிருந்தால் கைக்காசு கரையுமே தவிர பழுது போகாது. எனக்கு உண்மையில் சோறு போட்டது அதோடு வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டர்.

முதல் அடி கிராங்க் சென்சாரில், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது. வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்பும், 40 நிமிடம் லோடோடு ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானதும் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகும், அரை மணி நேரம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஸ்கேனரை மாட்டினேன்: 636, கூடவே 2. கனரக வண்டிகளில் எரர் கோடு இப்படி இரண்டு எண்ணாக வரும். முதல் எண் எந்த இடம் என்று சொல்லும், இரண்டாவது அங்கே என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 636 என்றால் கிராங்க் சென்சார், 2 என்றால் சிக்னல் விட்டு விட்டு, தாறுமாறாக வருகிறது. நான் முதல் எண்ணோடு நிறுத்திக்கொண்டேன். புது சென்சார் போட்டேன், இரண்டு வாரம் வண்டி தங்கமாக ஓடியது, அப்புறம் அதே கதை.

இந்த முறை அவசரப்படவில்லை. வண்டி நின்ற அதே இடத்தில், சூடு ஆறுவதற்குள் செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பார்த்தேன். எஞ்சின் சுற்றுகிறது, எண் 0-விலேயே நிற்கிறது. அதாவது சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகை சென்சார் அது. ஆறியிருக்கும்போது 880 ஓம் காட்டியது, சூட்டில் 1,050. மாட்டிக்கொண்டாயா என்று நினைத்தேன், அதுவும் தப்பு. செம்பு சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தான் செய்யும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம், இந்த ஏற்றம் இயல்பானது. சென்சாரில் குறையில்லை. மீட்டரை கம்ப்யூட்டர் பக்கக் கப்ளரில் (வயர்கள் இணையும் பிளக்) வைத்து வயரிங்கை அங்கங்கே மெல்ல ஆட்டியபோது ஒரு இடத்தில் எண் காணாமல் போனது, கையை எடுத்தால் திரும்பி வந்தது.

வயரிங் கட்டு ஒரு இரும்பு பிராக்கெட் மேல் வளைந்து போகும் இடம். வெளியே சுற்றியிருந்த டேப்பில் ஒரு கீறல்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வயர் தேய்ந்து, செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் எல்லாம் விரிந்து இளகும்போது அந்த இழைகளும் விலகியிருக்கின்றன. புது சென்சார் மாட்டும்போது நான் வயரைத் தள்ளி வைத்ததால்தான் அந்த இரண்டு வாரப் பிழைப்பு! கழற்றிய பழைய சென்சார் இன்னமும் கேபினில் கிடக்கிறது, நல்ல சென்சார்.

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் மூன்று கோடு ஒரே நேரத்தில் வந்தது: பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), ஆயில் பிரஷர், மூன்றிலும் பின்னால் 4. வோல்டேஜ் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். வண்டி பவர் எடுக்காமல் நொண்டியது. மூன்று சென்சார் ஒரே ராத்திரியில் சாகுமா? இவற்றுக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பது 5 வோல்ட், ஒரே லைனில் பல சென்சார்கள் தொங்கும் (எல்லாம் ஒரே லைன் இல்லை, வரைபடம் பார்க்க வேண்டும்). இக்னிஷன் ஆனில் அளந்தால் 5 வர வேண்டிய இடத்தில் 1.2 வந்தது. மீட்டரை அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொரு கப்ளராகப் பிடுங்கினேன், ஆயில் பிரஷர் சென்சாரைப் பிடுங்கியதும் சட்டென்று 5-க்கு ஏறியது. சென்சாருக்குள் ஆயில் கசிந்து கப்ளர் வரை வந்திருந்தது. ஒன்று மாற்றினேன், மூன்று கோடும் போயின.

வெப்ப சென்சார்களுக்கு மீட்டர்கூட வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் எஞ்சினைப் போடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து கூலன்ட், ஆயில், உள்ளே போகும் காற்று எல்லாவற்றின் சூட்டையும் பாருங்கள், ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதுதான் ஆள். -40 காட்டினால் பெரும்பாலும் எங்கேயோ வயர் விட்டிருக்கிறது. கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்ததும் எண் உச்சத்துக்குப் போனால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் சரி, சென்சார்தான் போச்சு. இது இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் சென்சாரில் செய்து கம்ப்யூட்டரைச் சுட்டுவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

கோடே வராத பழுதும் உண்டு. ஏற்றத்தில் பிக்கப் குறைந்து கரும்புகை தள்ளியது, ஸ்கேனரில் சுத்தம். பூஸ்ட் எண்ணை கிராஃபாகப் போட்டு ஓட்டினால் அழுத்தம் சோம்பேறியாக ஏறியது. கழற்றினால் சென்சாரின் மூக்கில் கரி, தார் மாதிரி. கிளீனர் ஸ்பிரே போட்டுக் காயவைத்து மாட்டினேன், அவ்வளவுதான். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய தகடு.

ஸ்கேனரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், லைவ் டேட்டாவும் (சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் எண்கள்) கிராஃபும்தான் அதன் உயிர். ஒரே நேரத்தில் 20 எண்ணைத் திறந்தால் ஆமை வேகம், நான் 4-க்கு மேல் திறப்பதில்லை. வெயிலில் திரை தெரியாது. கனரக வண்டிக்கான 9 பின் கேபிளின் முனை இரண்டாம் வருடமே ஆட ஆரம்பித்து, இப்போது ரப்பர் பேண்ட் போட்டு ஓடுகிறது. வாங்கும்போது கார் 16 பின் மட்டும் உள்ளதை வாங்கி ஏமாறாதீர்கள். பிடிக்காத விஷயம் கோடுக்குக் கீழே வரும் “சென்சாரை மாற்றவும்” என்ற வரி. எல்லாக் கோளாறுக்கும் அதே வரிதான்.

எரர் கோடை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்கிறேன், அழித்துவிட்டு அப்புறம் தேடுவது பெரிய தலைவலி. வயரின் தோலில் ஊசி குத்தி அளப்பதையும் விட்டுவிட்டேன், அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கிப் பச்சை பூக்கிறது.

போன வாரத்திலிருந்து 723 வந்து வந்து போகிறது, கேம் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்க்கும் கேம் சென்சார், பின்னால் அதே 2. புது சென்சார் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த பிராக்கெட் பக்கம் டேப்பைப் பிரிக்கப் போகிறேன்.