‘திரவ சிலிக்கா’ போத்தல்களை வாங்குமுன்: மூன்று ஏக்கர் நெல் சாய்ந்த கதை

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைப்பவர்களும், வன்னியின் ஏனைய பகுதிகளில் அடுத்த காலபோகத்துக்கு ஆயத்தமாகும் கமக்காரர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன். உருத்திரபுரம் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. நெற்தண்டை உறுதியாக்கும், காற்றுக்கும் மழைக்கும் பயிரைச் சாயவிடாது என்று சொல்லி விற்கப்பட்ட திரவ சிலிக்காவைக் கடந்த காலபோகத்தில் அந்த மூன்று ஏக்கருக்கும் தெளித்தேன். அந்தப் போத்தலுக்குள் இருந்தது சிலிக்கா அல்ல.

ஏ.ரி. 362 இன நெல்லை விதைத்து ஒரு மாதமளவில், நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார். அவர் சொன்னவற்றில் பாதி உண்மை. நாங்கள் நம்பியதற்கு அந்தப் பாதியே காரணம். பயிர்களில் நெல்லைப் போல் சிலிக்காவை உறிஞ்சுபவை மிகச் சில. காய்ந்த வைக்கோலின் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சிலிக்காதான். களை பிடுங்கும்போது நெல்லோலை கையைக் கீறுவதும் அதனால்தான். இலையின் தோலில் அது படிந்திருந்தால் எரிபந்த நோயின் பூஞ்சணம் துளைத்து உள்ளே செல்வதும், தத்தி சாற்றை உறிஞ்சுவதும் கடினமாகும். ஜப்பானில் 1955ஆம் ஆண்டிலேயே சிலிக்காவைத் தரும் சிலிக்கேற்றை நெல்லுக்கான பசளையாக ஏற்றுக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் அவர் படங்களுடன் விளக்கியபோது, படித்த மனிதர் பேசுகிறார் என்ற மதிப்பு எல்லோருக்கும் வந்தது.

ஏக்கருக்கு இரண்டு லீற்றர், லீற்றர் 3,800 ரூபாய் என்ற கணக்கில் ஆறு போத்தல்களுக்கு 22,800 ரூபாய் கொடுத்தேன். பணத்தை விடப் பெரிய கேட்டைச் செய்தது அவர் தந்த ஓர் ஆலோசனை. “இது பொட்டாசியம் சிலிக்கேற்று, ஐயா. பொட்டாசியம் இதற்குள்ளேயே இருக்கிறது, எம்.ஓ.பி. என்ற பொட்டாசுப் பசளையை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்” என்றார். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த நாள்முதல் பசளைக் கணக்கு எங்களுக்குப் பெரும் பாரமாகிவிட்டது. ஒரு செலவு குறைகிறது என்ற நினைப்பில், மேற்கட்டுப் பசளையில் பொட்டாசை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் போட்டேன்.

தெளித்த அன்று கண்ணெதிரே நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உண்மையான பொட்டாசியம் சிலிக்கேற்றுக் கரைசல் கடுமையான காரம், அதன் பீ.எச். பெறுமானம் 11க்கு மேல் இருக்கும். கல்சியம் மிகுந்த தண்ணீரில் ஊற்றினால் அது வெண்மையாகக் கலங்கும். அளவு தப்பினால் திரிந்து தெளிகருவியின் மூக்கை அடைக்கும். அதனால் வேறு மருந்துகளோடு கண்டபடி கலக்கக் கூடாது. கேத்திலின் அடியில் வெள்ளைக் காறை படியவைக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் நான் கரைத்தேன். பூச்சிமருந்தையும் ஒரே தாங்கியில் கலக்கலாம் என்று அவர் சொன்னபடியே கலந்தேன். தேநீர்ச் சாயம் போல் தெளிவாகக் கரைந்தது. ஒரு பொருக்குக்கூட வரவில்லை. நல்ல மருந்து என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில், அறுவடைக்குப் பத்து நாட்கள் இருக்கையில், இரண்டு இரவுகள் காற்றோடு மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது வயலின் பெரும்பகுதி பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. ஒரு தூரைப் பிடுங்கி அடிக்கணுவை இரண்டு விரல்களுக்கிடையில் அழுத்தினேன். நனைந்த வைக்கோல் போலச் சப்பையாகிப் போனது. வரம்புக்கு அப்பால், அதே நெல்லை விதைத்துப் பொட்டாசும் போட்ட அண்ணரின் வயலிலோ மூலைகள் மட்டுமே சாய்ந்திருந்தன. எனது நெல் கதிரிலேயே முளைக்கத் தொடங்கியது. வெட்டு மெசின்காரர் சாய்ந்த வயலுக்குக் கூடுதல் கூலி கேட்டார். முந்திய ஆண்டு ஏக்கருக்கு 28 மூட்டை கண்ட நிலத்தில் 17 மூட்டைதான் தேறியது. விதையைச் சற்று அடர்த்தியாக வீசியதும், யூரியா கூடியதும் என் பிழைகளே. ஆனால் தண்டுக்கு உறுதி தரும் பொட்டாசை நிறுத்தச் செய்தது அந்தப் பேச்சு.

பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் என் மருமகள்தான் மீதியிருந்த திரவத்தைச் சோதிக்கச் சொன்னாள். சிவப்புப் பாசிச்சாயத்தாளை அதில் தோய்த்தாள். கடுங்காரம் என்றால் உடனே நீலமாக வேண்டிய தாள் சிவப்பாகவே இருந்தது. ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுத்து வினாகிரி விட்டாள். செறிந்த சிலிக்கேற்று எனில் கூழ்போல் உறைந்திருக்கும், இது தண்ணீராகவே கிடந்தது. கடைசியாக ஓர் எவர்சில்வர் கரண்டியில் ஊற்றி அடுப்பில் பிடித்தோம். வெள்ளையாகக் கண்ணாடிப் படலம் மிஞ்சியிருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பாகு கொப்புளித்து, கருகிய சர்க்கரை வாசத்துடன் கரியாகியது. கழிவுப்பாகையும் சாயத்தையும் தண்ணீரில் கரைத்து அடைத்திருக்கிறார்கள் என்பதே என் முடிவு. சிலிசிக் அமிலம் என்று விற்கப்படும் வேறு வகைத் தயாரிப்புகள் அமிலத்தன்மை உடையவை. அவற்றுக்கு இந்தத் தாள் சோதனை பொருந்தாது. என் போத்தலில் பொட்டாசியம் சிலிக்கேற்று என்றே அச்சிட்டிருந்தது.

அது அசலாகவே இருந்திருந்தாலும் கணக்கு ஒத்துவராது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். ஓர் ஏக்கரில் இரண்டு தொன் வைக்கோல் விழுந்தால் அதில் மட்டும் ஏறத்தாழ 200 கிலோ சிலிக்கா இருக்கும். இரண்டு லீற்றர் நல்ல கரைசலில்கூட ஒரு கிலோவுக்கு மேல் தேறாது. நெல் சிலிக்காவைப் பிரதானமாக வேரால்தான் எடுக்கிறது. ஓலையில் தெளிப்பது அதற்கு ஈடாகாது. அந்த 200 கிலோவையும், அதோடு பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதியையும், ஆண்டுதோறும் வைக்கோலை விற்று இழந்துவிடுகிறோம். இம்முறை வைக்கோலைப் பரப்பி உழுதுவிட்டேன். அரிசி ஆலையிலிருந்து உமியையும் ஏற்றி வந்து, கொழுந்துவிட்டு எரியவிடாமல் கருக்கிப் போடுகிறேன்; அதிக சூட்டில் வெள்ளைச் சாம்பலானால் அதிலுள்ள சிலிக்கா எளிதில் கரையாது.

பிரதிநிதியை அழைத்தபோது முதலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரே பிழை என்றார். இரண்டாம் முறை கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். பிறகு அந்த இலக்கம் இயங்கவில்லை. போத்தல்களைக் கையளித்த கடைக்காரர் தாம் இடம் மட்டுமே கொடுத்ததாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டில் ‘பயிர் ஊக்கி’ என்ற இரண்டு சொற்களே இருந்தன. லேபலில் தயாரிப்பாளரின் முகவரியோ, தொகுதி இலக்கமோ, நூற்றுவீதமோ இல்லை. நம் நாட்டில் பசளைத் தொழிலை ஒழுங்குபடுத்த 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேசிய உரச் செயலகமும் இருக்கிறது. ஆகவே உரிம விவரத்தைக் கேளுங்கள். பொருளின் பெயரும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். யாரேனும் ஒரு பசளையை நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடமோ 1920 என்ற ஆலோசனை இலக்கத்திலோ விசாரியுங்கள்.

என்னிடம் முத்திரை உடைக்காத போத்தல் ஒன்று மிஞ்சியிருந்தது. அதையும் பற்றுச்சீட்டையும் முறைப்பாட்டுக் கடிதத்துடன் கமநல சேவை நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன்; நுகர்வோர் அதிகார சபைக்கும் 1977 இலக்கத்தில் அறிவித்தேன். அந்தக் கூட்டத்தில் என்னோடு வாங்கியவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் திறக்காத போத்தல் இருந்தால் கோபத்தில் வீசிவிட வேண்டாம். விதைப்புத் தொடங்குமுன் அதையும் அங்கே கொண்டுவந்து கொடுங்கள். ஒரு போத்தலை வைத்து முறையிடுவதற்கும் பத்துப் போத்தல்களை வைத்து முறையிடுவதற்கும் வேறுபாடு உண்டு.