சிஸ்கோ பக்கெற் ட்ரேசர்: முதலாம் வருடத்துக்குப் போதுமா?

வலையமைப்புப் பாடம் தொடங்கும் கொழும்பு மாணவர்கள் ரவுட்டருக்கு (வலைகளை இணைக்கும் கருவி) காசு செலவழிக்கத் தேவையில்லை. கணினித் திரையிலேயே வலையமைப்பைக் கட்டிப் பழக உதவும் மென்பொருள்தான் பக்கெற் ட்ரேசர். சிஸ்கோவின் பயிற்சித் திட்டமான நெற்வேர்க்கிங் அக்கடமியில் கணக்குத் திறந்தால் இது இலவசம்.

இதன் உயிர் சிமுலேஷன் பகுதிதான். ஒரு பக்கெற் (வலையில் போகும் தரவுத் துண்டு) வலையமைப்பின் ஒவ்வொரு அடுக்கிலும் என்ன தலைப்பை (முன்னால் சேரும் முகவரி போன்ற தகவல்) பெறுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கரும்பலகையில் இது புரியவே புரியாது.

192.168.10.0/26, 192.168.10.64/26 என்று இரண்டு உபவலைகளை (ஒரு வலையின் சிறு பகுதிகள்) ஒரு ரவுட்டரில் இணைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள 64 முகவரிகளில் முதலும் கடைசியும் போக 62 கருவிகளுக்கு இடமுண்டு. பிறகு ஒன்றிலிருந்து மற்றதுக்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) அனுப்புங்கள். முதல் பிங் மட்டும் தவறினால் பயப்பட வேண்டாம், ஏஆர்பி என்ற நெறிமுறை அப்போதுதான் மெக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) தேடுகிறது. எல்லாமே தவறினால் ரவுட்டரின் போர்ட்டுகளைப் பாருங்கள்: அவை தொடக்கத்தில் மூடியே இருக்கும், அவற்றைத் திறக்க 'நோ ஷட்டவுன்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். அடுத்த சந்தேகம் கேட்வே, அதாவது கருவிகள் வெளியே போகப் பயன்படுத்தும் ரவுட்டரின் முகவரி. இரண்டாவது உபவலையில் பலர் .64ஐப் போடுவார்கள், அது வலையின் முகவரி, .65இலிருந்துதான் பயன்படுத்தலாம்.

குறைகளும் உண்டு. உண்மையான ரவுட்டரின் கட்டளைகளில் ஒரு பகுதிதான் இதில் இயங்கும். நிஜ வலையில் போகும் பக்கெற்றுகளைப் பார்க்க வயர்ஷார்க் போன்ற ஒரு மென்பொருள் வேண்டும். கேபிள் தலை அடிப்பதையும் (முனையில் செருகியைப் பொருத்துவதையும்) பக்கெற் ட்ரேசர் கற்றுத்தராது. அதற்குப் புறக்கோட்டையில் சில மீற்றர் கேபிளும் ஆர்ஜே45 தலைகளும் வாங்கிக் கையால் பழகுங்கள்.