சிவிக் டைப் ஆரா, எவோ 10-ஆ?

இரண்டும் 2007-ல் ஜப்பானில் வந்த செடான்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர் முன்சக்கர இழுவை; 225 குதிரைத்திறன், எடை சுமார் 1,270 கிலோ. மிட்சுபிஷி லான்சர் எவோ 10 நான்கு சக்கர இழுவை. டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) உண்டு, 280 குதிரைத்திறன், 1,500 கிலோவுக்கு மேல்.

பவர் ஏற்றி டியூன் செய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும். வேகமெடுக்கையில் எடை பின்பக்கம் சாய்கிறது, முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. சிவிக்கின் முன்சக்கரங்களுக்கோ இழுப்பது, திருப்புவது என்று இரட்டை வேலை. டர்போ பூட்டி 350 குதிரைத்திறன் வரை ஏற்றினால், முதல் இரண்டு கியரில் டயர் வீணாகச் சுழலும், ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்.எஸ்.டி. ஓரளவுதான் காப்பாற்றும். எவோவில் அதே சக்தி நான்கு டயருக்கும் பிரிகிறது. ஆனால் டயர் சுழலாததால் அடி முழுக்க கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும்.

டர்போ இல்லாமல் டிராக்கில் வளைவுகளை ரசிக்க லேசான சிவிக்தான் என் தேர்வு. பவர் ஏற்றுவதே ஆசை என்றால் எவோவை எடுங்கள். கிளட்சுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.