கட்டடம் நேரத்துக்கு முடிய எந்த அட்டவணை? கோலாலம்பூர் சைட்டுகளில் மூன்று முறைகள்

கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒரு நாள் தள்ளிப் போனால் எவ்வளவு காசு போகும்? அடுக்குமாடி வீடு வாங்குவோரோடு போடும் 'எச்' அட்டவணை என்ற சட்டப்படியான விற்பனை ஒப்பந்தப்படி மேம்பாட்டாளர் 36 மாதத்தில் சாவி கொடுக்க வேண்டும். தவறினால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு. 6 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 164 வெள்ளி. அப்படி 300 வீடுகள் இருந்தால் தினமும் 49,000 வெள்ளிக்கு மேல். இந்தக் கெடுவை வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் நீட்டித்துக் கொடுக்க வழிவிட்ட விதி செல்லாது என்று 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேம்பாட்டாளர் மேல் விழும் இந்தச் சுமை கட்டடம் கட்டும் குத்தகையாளர் மேல் இறங்கும். அங்கிருந்து வயரிங், பைப் வேலை எடுத்த நம் ஆட்கள் வரைக்கும் வந்து சேரும்.

சரி, வேலை ஏன் தள்ளிப் போகிறது? சைட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் மழை என்பார்கள், அப்புறம் ஆள் இல்லை என்பார்கள். மலேசியக் கட்டுமானத் தாமதங்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பத்து முக்கியக் காரணங்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் குத்தகையாளரின் சரியில்லாத திட்டமிடலுக்கு. அடுத்தடுத்து சைட் நிர்வாகம், அனுபவக் குறைவு, பணம் நேரத்துக்கு வராதது, துணைக் குத்தகையாளர்களோடு சிக்கல். பொருள் தட்டுப்பாடும் ஆள் பற்றாக்குறையும் அவற்றுக்குக் கீழேதான். மழை அந்தப் பத்தில் இல்லவே இல்லை.

அதனால்தான் எந்த முறையில் திட்டமிடுகிறோம் என்பதை அலசவேண்டியிருக்கிறது. இங்கே மூன்று முறைகள் புழங்குகின்றன: கிரிட்டிக்கல் பாத் அட்டவணை, மாடிக்கு மாடி சாய்கோட்டுப் படம், வாரக் கூட்டத் திட்டம்.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. 1950களின் இறுதியில் டியூபான்ட் ரசாயன நிறுவனத்துக்காக உருவான முறை. இன்று பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மாதிரி மென்பொருளில் போடுகிறோம். எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கும் என்று கோத்துக்கொண்டே போனால், ஒரு நாள் பிசகினாலும் மொத்தக் கட்டடத்தையும் இழுத்துவிடும் வேலைச் சங்கிலி எது என்று தெரிந்துவிடும். மற்ற வேலைகளுக்கு எத்தனை நாள் சலுகை இருக்கிறது என்பதும் தெரியும். லிஃப்ட், ஜென்செட் மாதிரி பல மாதம் முன்னால் ஆர்டர் கொடுக்க வேண்டிய சாமான்களுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. சீனப் புத்தாண்டுக்குக் கடைகளும் ரெடிமிக்ஸ் ஆலைகளும் மூடிவிடும், நோன்புப் பெருநாளுக்கு ஊர் போகும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் கொங்சிக்கு (சைட் குடிசைக்கு) திரும்ப வாரக்கணக்கில் ஆகும் என்பதையெல்லாம் நாட்காட்டியிலேயே ஏற்றிவிடலாம்.

கால நீட்டிப்புக் கேட்கவும் இதுதான் ஆதாரம். மலேசியக் கட்டடக்கலைஞர் கழகத்தின் பாம் 2006 மாதிரி ஒப்பந்தப்படி, தாமதத்துக்குக் காரணமான சம்பவம் தொடங்கிய 28 நாளுக்குள் குத்தகையாளர் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அந்தச் சம்பவம் முக்கியச் சங்கிலியைத் தொட்டது என்று காட்ட அட்டவணை வேண்டும். மழையைக் காரணம் காட்டினால், அது வழக்கத்தை மீறிய கடும் மழையாக இருக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடியோடு கொட்டுவது கோலாலம்பூருக்கு வழக்கம்தான். அதற்கெல்லாம் நாள் கிடைக்காது. ஸ்லாப் கான்கிரீட்டைக் காலையிலேயே ஆரம்பித்து மதியத்துக்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்வதுதான் வழி. நெரிசல் நேரத்தில் கனரக லோரிகள் நகருக்குள் வர முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கையில் இருப்பது சில மணி நேரமே.

ஆனால் இந்த அட்டவணைக்கு ஒரு பெரிய குறை: கீழே வேலை செய்கிறவர் இதைப் படிப்பதில்லை. 'பாத்ரூம் முடிப்பு வேலை, 12 நாள்' என்று ஒரே வரி இருக்கும். அந்த 12 நாளுக்குள் பைப் போகும் ஓட்டைகளை அடைக்க வேண்டும், தரைப் பூச்சு போட வேண்டும், நீர்க்காப்புப் பூச்சு அடித்துக் காய விட வேண்டும், தண்ணீர் தேக்கிக் குறைந்தது ஒரு முழு நாளாவது ஒழுகுகிறதா என்று கீழ்மாடி கூரையில் போய்ப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் டைல்ஸ். ஓர் இடத்தில் ஒழுகினால் திரும்பவும் முதலிலிருந்து. இவை நாலைந்து வெவ்வேறு ஆட்களின் வேலை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில்தான் நாள் வீணாகிறது. அந்த இடம் அட்டவணையில் தெரிவதே இல்லை.

சாய்கோட்டுப் படம் அடுக்குமாடிகளுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். கீழே நாள், பக்கவாட்டில் மாடி எண். ஒவ்வொரு வேலையும் ஒரு சாய்ந்த கோடு. கோடு செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்தால் மந்தம். 30 மாடியில் நீர்க்காப்பு வேலை மாடிக்கு 8 நாள், டைல்ஸ் மாடிக்கு 5 நாள் என்று வையுங்கள். நீர்க்காப்பு மேலே போய்ச் சேர 240 நாள் ஆகும், டைல்ஸ் ஆட்களோ கீழே உள்ள 29 மாடியை 145 நாளில் முடித்துவிடுவார்கள். டைல்ஸ் ஆட்கள் நிற்காமல் ஏற வேண்டுமானால், நீர்க்காப்பு தொடங்கி 95 நாள் கழித்துத்தான் அவர்களை இறக்க வேண்டும். பொறுமையில்லாமல் முதல் மாதமே இறக்கினால் பாதி வழியில் முட்டிக்கொண்டு சும்மா நிற்பார்கள். தினக்கூலி இல்லாமல் எத்தனை நாள் நிற்பார்கள்? வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்ப அதே ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். 'ஆள் இல்லை' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இப்படி நாமே விரட்டியதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தரைவீடுகள், பள்ளி, கடைத்தொகுதியில் உள்ளறை மாற்றும் வேலை ஆகியவற்றுக்கு இந்தப் படம் அவ்வளவாக உதவாது. ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தால்தான் கோட்டுக்கு அர்த்தம்.

மூன்றாவது வாரக் கூட்டத் திட்டம். 1990களில் அமெரிக்காவில் கிளென் பாலார்ட், கிரெக் ஹவல் இருவரும் வளர்த்தது. வாரத் திட்டத்தில் எழுதிய வேலைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் அந்த வாரத்தில் முடிகின்றன என்பதை அவர்கள் கவனித்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன வழி, வேலையைச் செய்யப் போகிறவரே வாக்குக் கொடுக்க வேண்டும். தடை நீங்காத வேலையை அந்த வாரத் திட்டத்தில் எழுதவே கூடாது.

செகாம்புட் பக்கம் ஒரு சைட் கேபினில் வியாழக்கிழமை நடக்கிற கூட்டம் இப்படிப் போகும். மேற்பார்வையாளர், "அண்ணே, 14ஆம் மாடி வயரிங் பைப் திங்கள் தொடங்கலாமா?" என்பார். வயரிங் எடுத்தவர், "தொடங்கலாம் தம்பி, ஆனா அந்த மாடியில இன்னும் முட்டுக்கம்பி எடுக்கல. ஏணி வைக்க இடமில்ல" என்பார். உடனே ஃபார்ம்வர்க் (கான்கிரீட் அச்சுப்பலகை) கெப்பாலாவிடம், அதாவது அந்த ஆட்களின் தலைவரிடம், மலாயில் கேள்வி போகும். அவர் செவ்வாய் என்பார். வயரிங் வேலை புதன் என்று எழுதப்படும். இவ்வளவுதான், ஐந்து நிமிடம். இந்தப் பேச்சு நடக்காவிட்டால் திங்களன்று நாலு பேர் மேலே ஏறி, பார்த்துவிட்டு, இறங்கியிருப்பார்கள். அடுத்த வியாழன் எத்தனை வாக்கு நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, ஏன் என்று கேட்டு எழுதிவைத்தால் ஒரு மாதத்தில் சைட்டின் உண்மையான நோய் தெரிந்துவிடும். சில சைட்டில் அது வரைபடம் பற்றிய கேள்விக்குப் பதில் வராதது, சில சைட்டில் தூக்கிக்கொடுக்க கிரேன் கிடைக்காதது.

'முடியாது' என்று சொன்னவரைத் திட்டுகிற மேலாளர் இருக்கும் இடத்தில் இந்த முறை செத்துப்போகும். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. பணம் வராத இடத்திலும் இது வேலைக்காகாது. மூன்று மாதப் பாக்கி இருக்கிறவர் வாக்குக் கொடுத்து என்ன பயன்? அதற்கு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும் கட்டுமானப் பணம் செலுத்தல், தீர்ப்பளிப்புச் சட்டம் இருக்கிறது. துணைக் குத்தகையாளரும் அதன்கீழ் வழக்குக்குப் போகாமலே தீர்வு கேட்கலாம். நம் ஆட்களில் பலர் உறவு கெட்டுவிடும் என்று அதைத் தொடுவதே இல்லை, தொட வேண்டும்.

எதை எடுப்பது? ஒன்றுதான் முடியும் என்றால் நான் வாரக் கூட்டத்தை எடுப்பேன். மென்பொருள் வேண்டாம், வெள்ளைப் பலகையும் 'முடியாது' என்பதைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒருவரும் போதும். சிறு குத்தகையாளருக்கு அதுவே பெரிய மாற்றம். 20 மாடிக்கு மேல் கட்டுகிறவர் சாய்கோட்டுப் படத்தைப் போட்டுப் பார்க்காமல் துணைக் குத்தகையாளரை இறக்கவே கூடாது. கிரிட்டிக்கல் பாத் அட்டவணை எப்படியும் ஒப்பந்தம் கேட்கும். அதைச் சுருக்கமாக வைத்து மாதாமாதம் புதுப்பித்தால் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் அந்த அட்டவணையை விட்டுக்கொடுக்க முடியாது: கடைசி ஆறு மாதம். கட்டடத்தில் குடியேறலாம் என்று சொல்லும் சி.சி.சி. சான்றிதழுக்குப் பொம்பா (தீயணைப்புத் துறை), தெனாகா (மின்சாரம்), ஆயர் சிலாங்கூர் (குடிநீர்), இண்டா வாட்டர் (கழிவுநீர்), லிஃப்டுக்கான அனுமதி எல்லாம் வேண்டும். துணை மின்நிலைய அறை தெனாகாவிடம் ஒப்படைக்கப்படாமல் மின்சாரம் வராது. மின்சாரம் இல்லாமல் லிஃப்டையும் தீயணைப்புப் பம்பையும் சோதிக்க முடியாது. அந்தச் சோதனை முடியாமல் பொம்பா கையெழுத்துப் போடாது. வாரக் கூட்டத்தின் கண்ணுக்கு இவ்வளவு தூரம் எட்டாது. துணை மின்நிலைய அறையை முதல் மாதமே அட்டவணையில் தனி வரியாகப் போட்டு, கோபுர வேலைக்கு ஈடாக அதன் பின்னால் ஓட வேண்டும்.