வெனிஸில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

முந்தாநாள் ராத்திரி ஒரே சாப்பாட்டில் 210 யூரோ போனது. நம் காசில் இருபதாயிரத்துக்கு மேல். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில், வாசலில் எப்போதும் கூட்டம் நிற்கிற உணவகம். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் நான், மனைவி, அப்பா மூவரும் போனோம். பரிமாறுகிறவர் அப்பாவின் தோளைப் பிடித்து, 'பாப்பா, பாப்பா' (இத்தாலிய மொழியில் அப்பா) என்று உட்கார வைத்தார். ஐஸ் பரப்பிய தட்டில் ஒரு முழு பிரான்சீனோவைக் கொண்டுவந்து காட்டினார். பார்க்க நம் கொடுவா மாதிரி இருக்கும். அப்பா நாகப்பட்டினத்துக்காரர். செவுளைத் தூக்கிப் பார்த்து, "ரத்தமா செவந்திருக்குடா, இன்னிக்குப் பிடிச்ச மீன்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மெனுவில் அதற்கு நேரே 9 என்றிருந்தது. சரி என்றேன். எங்கள் எதிரில் எடை போடவில்லை, நானும் கேட்கவில்லை.

பில்லில் மீன் மட்டும் 153 யூரோ. 9 என்பது ஓர் 'எத்தோ'வுக்காம், அதாவது 100 கிராமுக்கு. மெனுவில் அந்தச் சொல் எறும்பு அளவில் இருந்தது. அதைக் கவனிக்காதது எங்கள் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1.7 கிலோவா? தலையும் முள்ளும் நீக்கி மேஜைக்கு வந்தது ஆளுக்கு உள்ளங்கை அளவு துண்டு. "ஒரு கிலோகூடத் தேறாதுடா" என்றார் அப்பா. அப்புறம் ஸ்பகெட்டி 18, தண்ணீர் 5, 'கொப்பெர்த்தோ' என்று உட்கார்ந்ததற்குத் தலைக்கு 4 (இது அங்கே வழக்கம்தான்), மொத்தத்துக்கும் 12 சதவீதம் சேவைக் கட்டணம்.

எடைச் சீட்டு கேட்டேன். மேலாளர் அந்த எறும்பு எழுத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நேற்று மறுபடி போனால் முதலாளி ஊரில் இல்லையாம். மின்னஞ்சலுக்கு இரண்டு வரி: மெனுவில் எழுதியிருக்கிறது, நன்றி. வங்கியில், "நீங்களேதான் பின் நம்பர் போட்டிருக்கிறீர்கள்" என்று முடித்துவிட்டார்கள்.

2018-இல் இதே வெனிஸில் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டது பெரிய செய்தியானது. படித்திருந்தும் ஏமாந்தேன். அப்பா வேறு, "நான்தான மீனைக் கேட்டேன்" என்று நேற்றெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' இருக்கிறதா பாருங்கள். கண் முன்னால் எடை போடச் சொல்லி, மொத்த விலையை எழுதி வாங்கிய பிறகு சரி சொல்லுங்கள். பில்லை வரிவரியாகப் பார்க்காமல் கார்டை எடுக்காதீர்கள். 210 யூரோ!